இடது பின் ஸ்பீக்கர்

வண்டிச் சாவி அவள் கையில்தான் இருந்தது. இன்ஜினை அணைத்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்; சூடு தணியும்போது இரும்பு எழுப்புகிற டிக் டிக் ஓசைகூட நின்றுபோயிருந்தது. அடுக்குமாடிக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே வண்டிகளை நிறுத்தும் அந்தத் தளத்தில், எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பதும் தவிர வேறு சத்தமில்லை. மறந்துவிட்டு வந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க, பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்து உள்ளே குனிந்தாள். அப்போதுதான், கடைசி வரிசையின் இடது மூலையில், அன்று காலை புதிதாகப் பொருத்திய ஸ்பீக்கரின் கறுப்பு வலைக்குள்ளிருந்து, யாரோ மெத்தையைக் காலால் உதைப்பதுபோல மூன்று முறை கேட்டது.

தும். தும். தும்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுப் பசையின் வாடை, துளையிட்ட இரும்பின் கருகல் வாடை, அதற்கும் அடியில் வண்டிக்கே உரிய துணி வாடை. நடுவில் அடுக்கிக் கிடந்த திரைத்துணிச் சுருள்களின் பக்கமாக ஒருக்களித்து ஊர்ந்து போய் வலையில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. லேசாக வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். புதுப் பொருள், உள்ளே மிச்ச மின்சாரம் ஏதாவது இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறியிருக்கிறோம் என்பது, வீட்டு வாசலில் மூச்சு வாங்கியபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

வீட்டுக்கும் தொழிலுக்கும் அவர்களிடம் இருந்தது அந்த ஒரே வண்டி. அவள் கணவன் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை மாட்டித் தருகிறவன். மூன்று வரிசை இருக்கை கொண்ட வண்டியில் நடு வரிசையை மடக்கிப்போட்டு, அதன்மேல் துணிச் சுருள்களைக் கழுத்தளவுக்கு அடுக்கி வைத்திருந்தான். முன்னால் இவர்கள் இரண்டு பேர். சுருள்களுக்கு அந்தப் பக்கம், கடைசி வரிசையின் இடது ஜன்னலோரம், எட்டு வயது மகள். தொட்டால் வெடிப்பாள் என்பதால் கடுகு என்று கூப்பிட ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரை வீட்டில் எல்லோருமே மறந்துவிட்டிருந்தார்கள். கடைசி வரிசைக்கென்று தனிக் கதவு கிடையாது. சுருள்களின் ஓரமாக ஊர்ந்துதான் போகவும் வரவும் வேண்டும். கடுகுக்கு அதுதான் பெருமை. "இது என் தனி வீடு. நீங்க ரெண்டு பேரும் என் டிரைவரும் கிளீனரும்" என்பாள்.

அந்தத் தனி வீட்டில் ஒரே குறை, பாட்டு கேட்காது. ஸ்பீக்கர்கள் முன் கதவுகளில் மட்டும்தான். நடுவில் கிடக்கும் துணி மொத்தச் சத்தத்தையும் குடித்துவிடும். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்குச் சட்டையும் கேட்காமல் பொம்மையும் கேட்காமல், பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வேண்டும் என்றாள் கடுகு. அப்பன் உடனே சரி என்றான்.

அவன் அத்தனை சுலபமாகச் சம்மதித்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஆறு மாதமாகக் கணவனும் மனைவியும் பிரிந்துவிடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறோர் ஊரில் பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை வந்திருந்தது, தங்க வீட்டோடு. இருபது வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றான் அவன். அப்படியானால் கடுகு யாரோடு என்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் இரண்டே அறை, சுவர் காகிதம்போல. அழுவதானாலும் சண்டை போடுவதானாலும் அவர்களுக்கு வண்டியின் முன்சீட்டை விட்டால் வேறு இடமில்லை. ஒருநாள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"பின்னாடி ஸ்பீக்கர் போட்டுட்டா, பாட்டை மொத்தமா பின்னாடி தள்ளிடலாம். அதுக்குன்னு ஒரு குமிழ் இருக்கு. நாம பேசறது அவளுக்குக் கேக்காது."

அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. பிற்பாடு எத்தனையோ விஷயங்கள் அவள் நினைவிலிருந்து உதிர்ந்துபோயின. இது மட்டும் போகவில்லை. அப்போது அவள் சிரித்தாள் என்பதுகூட.

வேலையை அவனே செய்தான். சுவரில் ஓட்டை போடுவதே பிழைப்பாக இருக்கிறவனுக்கு வண்டியின் தகடு எம்மாத்திரம்? பின்பக்கச் சுவர்களை அளந்து வெட்டி, இரண்டு ஸ்பீக்கர்களையும் சீராக உட்கார வைத்தான். வயரைத் தரைவிரிப்புக்கு அடியில் இழுக்க வேண்டுமானால் அத்தனை சுருள்களையும் இறக்கி, நடு இருக்கையையும் கழற்ற வேண்டும். அதற்கு அவனுக்குப் பொறுமையில்லை. இடது பின் சக்கரத்துக்கு மேலே, கடுகு கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தரையிலேயே ஒரு துளை போட்டு, வயரை வண்டிக்கு அடியில் ஓடவிட்டு முன்னால் ஏற்றிவிட்டான். வயரின் தடிமன் பென்சில் அளவு. துளை கட்டைவிரல் அளவு. அவன் தொழிலில் துளை பெரிதாகிப்போனால் துணியைத் திரித்துத் திணித்து மேலே பூசிவிடுவான். சுவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காது. இங்கேயும் திரையின் உள்துணியில் ஒரு கிழிசலைத் திரித்துத் திணித்தான். ரப்பர் வளையம் நாளைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றான்.

கடுகு பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையை உயர்த்திக்கொண்டே இருந்தாள். சத்தம் கூடக்கூட அவள் முகத்தில் வெளிச்சம் ஏறியது.

*

ஒரு வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து கடுகை அழைத்துக்கொண்டு வரும் வழியில், அவன் குமிழைப் பின்பக்கம் திருப்பிவிட்டுப் பேச ஆரம்பித்தான். பாட்டு முன்னாலிருந்து நழுவி, துணிச் சுருள்களைத் தாண்டி, அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல ஆனது. அவன் சொன்னதற்குப் பதில் சொல்ல அவள் வாயெடுத்தாள். பாட்டுக்கு அடியில், இடது பக்கத்தில், மூன்று முறை.

அவள் திரும்பிப் பார்த்தாள். சுருள்களின் இடுக்கில் கடுகின் உச்சந்தலையும் ரிப்பனும் தெரிந்தன.

"சீட்டை உதைக்கிறியாடி?"

கடுகு எம்பி எட்டிப் பார்த்தாள். "நான் காலை மடிச்சு உக்காந்திருக்கேன். வேணும்னா வந்து பாரு."

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. எல்லா நாளும் இல்லை. பாட்டைப் பின்னால் தள்ளிய நாட்களில் மட்டும். மூன்று உதை, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. சில சமயம் அதற்குப் பின்னால் தோலை நகத்தால் கீறுவதுபோல நீளமாக ஒரு பிராண்டல். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பினாள். ஒவ்வொரு முறையும் கடுகு ஜன்னலில் மூச்சை ஊதி விரலால் படம் வரைந்துகொண்டிருந்தாள், அல்லது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா ஆந்தை மாதிரி கழுத்தைத் திருப்புகிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கணவனுக்கு அது வேறு விதமாகப் பட்டது. முக்கியமான இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பதில் சொல்லாமல் தப்பிக்கிறாள் என்று நினைத்தான். அவனுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"உன் ஆஸ்பத்திரி பீப் சத்தத்தை எல்லாம் வண்டிக்கும் கொண்டு வந்துடற" என்றான்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. காது கேட்கும் திறனைச் சோதிப்பதுதான் அவள் வேலை. சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, காதுகளில் கேட்பான் மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் கையைத் தூக்க வேண்டும். ஒலி போகப்போக மெலியும். ஒரு கட்டத்துக்குமேல், எந்த ஒலியும் அனுப்பாதபோதும் சிலர் கையைத் தூக்குவார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு உண்மையாகவே கேட்கும். எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிற காது தானாகவே எதையாவது கேட்டுவிடும். அவர்கள் பிரிவில் அதற்குப் பொய்க்கை என்று பெயர்.

வண்டியை ஸ்பீக்கர் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினார்கள். தொந்தியும் தூக்கக் கலக்கமுமாக இருந்த மனிதர், பின்வரிசைக்குள் தவழ்ந்துபோய் அரை மணி நேரம் விதவிதமான பாட்டுகளைப் போட்டுக் கேட்டார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை, அந்த ஓட்டைக்கு ஒரு ரப்பர் போட்டுவிடுங்கள், அடியிலிருந்து கண்டதும் உள்ளே ஏறும் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கணவன் தலையாட்டினான். அன்று கடையில் அந்த அளவு ரப்பர் இல்லை. வாங்க வேண்டிய சாமான்களின் சீட்டில் எழுதி, கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்தான். வெயிலில் அந்தச் சீட்டு மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

அந்த நாட்களில்தான், ஒரு சாயங்காலம் கடுகுக்குத் தலை வாரும்போது அவள் கை நின்றது. முடியில் புகை வாடை. எங்கேடி விளையாடினாய் என்று கேட்டாள். எங்கேயும் இல்லை, தலை வலிக்கிறது, வாராதே என்றாள் கடுகு. வண்டியில் வரும்போதெல்லாம் தூக்கம் தூக்கமாக வருகிறது என்றாள். சில நாட்களாகவே அவள் வெடிப்பதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதி. பாட்டுக் கேட்கிற சொகுசு, குழந்தை அடங்கிவிட்டாள் என்று கணவன் சொன்னபோது, அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். முடியை இரண்டு முறை ஷாம்பூ போட்டு அலசிவிட்டாள்.

பொய்க்கை தனக்கே வந்துவிட்டதா என்று பார்த்துவிடத் துணிந்தது அதற்கு மறுநாள். மதிய இடைவேளையில் உடன் வேலை செய்யும் அக்காவைச் சோதிக்கச் சொல்லிவிட்டு அவளே கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். கனமான கதவு மூடியதும் உலகம் பஞ்சுக்குள் புதைந்தது. தன் எச்சிலை விழுங்கும் சத்தம். தன் இரத்தம் ஓடும் சத்தம். ஒலிகள் வந்தன, அவள் கையைத் தூக்கினாள், மெலிந்தன, தூக்கினாள். பிறகு ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனத்தின் அடியில், இடது காதில்.

தும். தும். தும்.

பிறகு ஒரு பிராண்டல். பிறகு ஒரு மூச்சு, மிக அருகில், ஓடி வந்தவள்போல இரைக்கிற மூச்சு. குழந்தையின் மூச்சல்ல. வளர்ந்த பெண்ணின் மூச்சு.

அவள் கை தூக்கியபடியே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். வெளியே வந்ததும், அவள் தோளில் கையை வைத்துச் சொன்னாள்:

"காது தங்கம் மாதிரி இருக்கு. நான் எதையும் அனுப்பாதப்ப நீ கையைத் தூக்கிட்டே இருந்த. வீட்டுல என்னம்மா பிரச்சினை?"

அவள் அழுதுவிட்டாள். அழுது முடித்ததும் மனம் லேசாக இருந்தது. நோயாளிகளிடம் தான் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். சந்தேகமாக இருந்தால் கையைத் தூக்காதீர்கள். விடுங்கள். தானாகப் போய்விடும்.

அன்றிலிருந்து அவள் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தாள். முதலில் கழுத்து வலித்தது, திரும்பாமல் இருப்பதற்கே அத்தனை பலம் வேண்டியிருந்தது. நான்கு நாளில் பழகியது. பத்து நாளில், உதை கேட்கும்போது கண்ணிமைகூட ஆடாமல் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடிந்தது. கணவன் அதைக் கவனித்தான். இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுகிறாய் என்றான்.

*

புது ஊரில் மருத்துவமனை கொடுக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. ஒரு சனிக்கிழமை காலை, மூன்று பேரும் கிளம்பினார்கள். வழியில் இறக்க வேண்டிய சரக்கு என்று சுருள்கள் வழக்கத்தைவிட உயரமாக இருந்தன. கடுகு கையில் படம் வரையும் நோட்டோடு ஊர்ந்து தன் வீட்டுக்குள் போனாள். முன்னாலிருந்து பார்த்தால் ரிப்பன்கூடத் தெரியவில்லை.

மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏதோ லாரி கவிழ்ந்துவிட்டதாம். வண்டிகள் ஒன்றின் வால் ஒன்றின் மூக்கைத் தொட நின்றுவிட்டன. இவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய லாரி சுவர்போல ஒட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. பனி படியாமல் இருக்க இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு வைத்தான். கூரையில் மழை கொட்டும் ஓசையும், கீழே இன்ஜினின் முனகலும், வைப்பர்கள் இழுபடும் சத்தமும் சேர்ந்து கேட்டன. வண்டிக்குள் ஒரு தனி வெளிச்சம், சாம்பல் நிறத்தில், தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல.

அவன் கையை நீட்டிக் குமிழைப் பின்பக்கம் திருப்பினான்.

அரை மணி நேரம் பேசினார்கள். எப்போதும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் வந்து முட்டிக்கொண்டார்கள். கடுகு யாரோடு? குழந்தையைச் சாமான் மாதிரி பாகம் பிரிக்கிறாய் என்றாள் அவள். பிரிக்கிறவள் நீதான் என்றான் அவன்.

தும். தும். தும்.

அவள் திரும்பவில்லை.

இன்னும் சத்தமாகப் பேச வேண்டும்போல் இருந்தது. பேசினாள். இந்தக் குழந்தை இல்லாவிட்டால் என்றைக்கோ போயிருப்பேன் என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் குமிழைப் பார்த்தான். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தும். தும். தும். பிராண்டல்.

அவள் மழையைப் பார்த்தாள். கழுத்து ஆடவில்லை. சந்தேகமாக இருந்தால் கையைத் தூக்காதே.

தும். தும்.

விடு. தானாகப் போய்விடும்.

தும்.

பிறகு பாட்டு மட்டும்.

அது நின்றதும் அவளுக்கு ஒரு பெருமிதமே வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. எதிர்ச் சரிவில், மூடுபனிக்குள், வீடுகளின் ஜன்னல்கள் மழை இருட்டுக்கு ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டிருந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொண்டையைச் செருமினான்.

"ஜன்னல் இல்லாத ஊர் எங்க இருக்கு? நானும் வந்துடறேன். மூணு பேருமே போலாம்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். இருபது நிமிடம் இருக்கும் என்றாள். அரை மணி நேரமாகவும் இருக்கலாம். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. அவள் குமிழை நடுவுக்குத் திருப்பி, சத்தத்தைக் குறைத்தாள்.

"கடுகு, உனக்கு ஒரு நல்ல சேதி."

மழை.

"கடுகு?"

*

சைலன்சர் குழாயில் ஒரு விரிசல். அதற்கு நேர் மேலே ஒரு துளை. துளையில் திணித்திருந்த துணி, சூட்டில் பொரிந்து எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. விசாரித்தவர்கள் படம் வரைந்து காட்டினார்கள். அம்புக்குறி போட்டு, புகை எந்த வழியாக ஏறியது, ஏன் சுருள்களைத் தாண்டி முன்னால் வரவில்லை என்று விளக்கினார்கள். துணி எல்லாவற்றையும் குடித்துவிடும் என்று அவள் சொன்னாள். அவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கணவன் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் பேசுவதில்லை என்று அண்ணி போனில் சொன்னாள். சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம். ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறானாம்.

மூன்று மாதம் கழித்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர் அதைத் தூண்களுக்கு நடுவே அதன் பழைய இடத்தில் விட்டுவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் பிற்பகல் அதை வாங்கிக்கொள்ள ஒருவர் வருவதாக இருந்தது. அதற்குமுன் உள்ளே கடுகுடையது ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று அவள் இறங்கிப் போனாள்.

மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பாட்டுப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு சதுரப் பள்ளமும் அறுத்த வயர்களும்தான். சுருள்களை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். வண்டி வெறிச்சென்று கிடந்தது. பேட்டரியும் இல்லை. அவள் மடக்கிய இருக்கையைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனாள். கடுகின் இடத்தில் உட்கார்ந்தாள். இதுவரை ஒருமுறைகூட அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எதிரே, மடக்கிய இருக்கையின் பின்புறத்தில் காலணிச் சுவடுகள் இருந்தன. சின்னச் சுவடுகள். அவள் எண்ணினாள். மூன்று. மூன்று. இரண்டு. ஒன்று.

அவற்றின் மேலேயே வேறு சில இருந்தன. பெரியவை. அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

இடது காதருகே, வலைக்குள், பாட்டு ஆரம்பித்தது.

மிக மெல்ல. மலைப்பாதையில் ஓடிய அதே பாட்டு. அதற்கடியில் இரண்டு குரல்கள். ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிபோலத் தெளிவாக. குழந்தையைச் சாமான் மாதிரி. பிரிக்கிறவள் நீதான். எல்லாமே கேட்டது. எப்போதுமே கேட்டிருக்கிறது.

இந்தக் குழந்தை இல்லாவிட்டால்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது வெளிச்சம் சாம்பல் நிறமாக இருந்தது. ஜன்னலில் மழை வழிந்தது. எதிரே துணிச் சுருள்கள், கூரையைத் தொட அடுக்கி. தரையிலிருந்து காலைச் சுற்றிக்கொண்டு வெதுவெதுப்பாக ஏதோ ஏறியது. முடியில் வந்த அந்த வாடை.

அவள் தோளில் ஒரு தலை சாய்ந்தது. சூடாக. ரிப்பனோடு.

"அம்மா, தூக்கம் வருது."

அவள் கத்தினாள். சத்தம் துணிக்குள் போய்ச் செத்தது. ஜன்னலை அறைந்தாள், திறக்காத கண்ணாடி. குழந்தையை இழுத்துக்கொண்டு ஓரமாக ஊர்ந்து போகப் பார்த்தாள். சுருள்கள் கல்போல இறுகிக் கிடந்தன. காலைத் தூக்கி இருக்கையை உதைத்தாள். பலங்கொண்ட மட்டும்.

தும். தும். தும்.

சுருள்களுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு விரல் இடுக்கு. அதன் வழியே முன்சீட்டு தெரிந்தது. இரண்டு தலைகள். வலப்பக்கம் அவன். இடப்பக்கம், அவளுக்கு நன்றாகத் தெரிந்த கொண்டை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த கழுத்து.

மறுபடி உதைத்தாள். மூன்று. துணியை நகத்தால் பிராண்டினாள். மூச்சு இரைத்தது. தோளில் சாய்ந்திருந்த தலை கனத்துக்கொண்டே வந்தது.

திரும்பு. ஒரே ஒரு முறை திரும்பு.

முன்னால் இருந்தவளின் தலை, லேசாக, மிக லேசாக, ஒரு பக்கம் சாய்ந்தது. கேட்டுவிட்டது. அவளுக்குக் கேட்கிறது.

பிறகு அந்தக் கழுத்து நிமிர்ந்தது. விறைத்தது. சாலையைப் பார்த்தது.

அவன் ஏதோ சொன்னான். முன்னால் இருந்தவள் கையை நீட்டி, பாட்டின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.